புறங்கையில் நூற்று முப்பத்து நாலு

தராசின் முன்னால் வரிசை மெதுவாக நகர்ந்தது. உல்லாசக் கப்பல் நிறுத்தியிருந்த ரொவாட்டான் தீவில், காட்டுக்குள் தகரக் கூரை போட்ட கொட்டகை. கப்பலிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய முப்பது பேரும் ஒவ்வொருவராக ஏறி நிற்க, பச்சைப் பனியன் போட்ட அந்த ஊர்ப் பெண் எடையைப் பார்த்து, அவரவர் புறங்கையில் மார்க்கர் பேனாவால் எழுதினாள். கையில் எண் இருந்தால்தான் கம்பியில் தொங்கிப் பறக்க மேலே விடுவார்கள்.

நாகமணிக்கு 134. பவுண்டுக் கணக்கு. மை காயட்டும் என்று வலது கையை ஊதிக்கொண்டாள். காலில் புது ஷூ. செருப்புக் காலோடு விடமாட்டார்களாம். சொந்தக் காசில் வாங்கி, பதினைந்து நாளாகச் சமையலறையிலேயே போட்டு நடந்து பழகியிருந்தாள். அமெரிக்காவில், சுகர் லேண்டில் பிரீத்தி வீட்டோடு தங்கிச் சமையலையும் பிள்ளையையும் பார்க்க வந்து நாலு வருஷம். கடையோ கோயிலோ, யாராவது காரில் கூட்டிப்போனால் உண்டு. "உங்களுக்கும் சேத்து நாலு டிக்கெட்க்கா. மரத்துக்கு மரம் பறக்கலாம்" என்று பிரீத்தி சொன்ன நாளிலிருந்து, கம்பியில் பறக்கிறவர்களின் வீடியோவை அடுப்படியில் வைத்து எத்தனை தரம் பார்த்தாளோ, கணக்கே இல்லை.

அடுத்து பிரீத்தியின் மகன் ஆர்யன் ஏறினான். தராசுக்காரப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். முப்பத்தாறு. நாற்பதுக்குக் குறைந்தால் மேலே போக முடியாது.

"ஆதர்ஷ், ஃபார்ம்ல என்ன வெயிட் போட்ட?" என்று கணவனைக் கேட்டாள் பிரீத்தி.

"நாப்பத்தொண்ணு."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"புக் பண்ணும்போது ரெண்டு மாசம் டைம் இருந்துச்சே. நாகு அக்கா ஊட்டுற ஊட்டுல ஏறிடுவான்னு நெனச்சேன்."

பிரீத்தி நாகமணி பக்கம் திரும்பினாள். "டெய்லி நெய்ச்சோறு குடுத்தீங்களா இல்லையாக்கா?"

"குடுத்தனுங்க அம்மிணி. தின்னதையெல்லாம் ஓடியே கரைச்சுப்போடறான். நான் என்ன, கல்லைக் கட்டியா நிறுத்தறது?"

ஆதர்ஷ் சிரித்துவிட்டான். பிரீத்தி சிரிக்கவில்லை. "சரி, நீங்க இவனோட கீழ இருங்க. நாங்க ஒன் அவர்ல வந்துடறோம்."

பை, இரண்டு போன், தண்ணீர் பாட்டில் எல்லாம் நாகமணியின் கைக்கு வந்தன. எனக்கும் டிக்கெட் இருக்குதுங்களே என்பது நாக்கு நுனிவரை வந்தது. "சரிங்க" என்பதுதான் வெளியே வந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். கம்பி கட்டிய மரக் கோபுரத்து உச்சியிலிருந்து ஒவ்வொருவராகக் கத்திக்கொண்டே இலைகளுக்குள் மறைந்தார்கள்.

"ஒய் ஆர் யூ நாட் கோயிங்?" என்றான் ஆர்யன்.

"உனக்கு நாலு பவுண்டு கொறையுதாம் சாமி. அதுக்கு ஈடா நானு."

அவன் அவள் கையைப் பிடித்துத் திருப்பினான். "பட் யூ ஹாவ் எ நம்பர்."

கால் மணி கழித்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஆதர்ஷ் படியிறங்கி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னாச்சுங்க தம்பி?"

"கீழ பாத்துட்டேன்க்கா. கால் வரல."

"அம்மிணி?"

"அவ போய்ட்டா. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். "அப்படின்னா நான் போயிட்டு வரட்டுங்களா?"

அவன் பிள்ளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இவன் அழுதா?"

"உங்க பையந்தானுங்களே. பையில முறுக்கு இருக்குது. முழுசாக் குடுத்துப்போடாதீங்க, ஒடச்சுக் குடுங்க."

தராசுக்காரப் பெண் அவள் புறங்கை எண்ணைப் பார்த்ததும் சிரித்தாள். சுடிதாருக்கு மேலே வார்களை இழுத்து மாட்டி, தோளில் ஒரு தட்டுத் தட்டி மேலே அனுப்பினாள்.

உச்சிப் பலகையில் நின்று நாகமணியும் கீழே பார்த்தாள். கண்ணை மூடவில்லை. அடுத்த நொடி பலகை காலுக்குக் கீழே இல்லை. மரங்களின் தலை, ஓர் ஓடை, அப்பால் விரல் நீளத்துக்கு அவர்கள் வந்த கப்பல். யாரோ வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. தான்தான் என்று பாதிக் கம்பியில்தான் தெரிந்தது.

கம்பி முடிகிற இடத்தில் போட்டோ கவுண்டர். பிரீத்தி தன் படங்கள் மூன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, திரையில் மற்றதையும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையோடு ஆதர்ஷும் நடைபாதை வழியாக அங்கே வந்திருந்தான். நாகமணி ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவர்கள் பின்னால் வந்து நின்றாள்.

இரண்டு கையையும் விரித்துச் சிரிக்கிற ஒருத்தி திரையில் வந்தாள். "இது நாங்க இல்ல. நெக்ஸ்ட்" என்றாள் பிரீத்தி.

"நோ! தட்ஸ் நாகு அக்கா!"

பிரீத்தி திரும்பிப் பார்த்தாள். "அய்யோ, நீங்களாக்கா? ஆளே தெரியல."

"நாந்தானுங்க. அந்தப் படம் எனக்கு வேணுமுங்க."

"நம்ம பேக்கேஜ்ல மூணுதான்க்கா. மூணும் செலக்ட் பண்ணிட்டேனே." பஸ் ஹாரன் அடித்தது. கவுண்டர்காரர் அடுத்த குடும்பத்துக்காகத் திரையிலிருந்த படங்களை நீக்கினார்.

பஸ்ஸில் ஆர்யன் நாகமணியின் வலது தோளில் தூங்கிப்போனான். துறைமுகம் தெரிந்ததும் அவள் பிரீத்தி பக்கம் திரும்பினாள்.

"அம்மிணி, வீட்டுக்குப் போனதும் ஞாயித்துக்கெழமையானா எனக்கு லீவு வேணுமுங்க. கார் ஓட்டக் கத்துக்கறேன்."

"சண்டேவா? அப்ப இவன யாரு..."

"நான் பாத்துக்கறேன்" என்றான் ஜன்னலோரம் இருந்த ஆதர்ஷ். "முறுக்கு ஒடச்சுக் குடுக்கத் தெரியும்ல."

பிரீத்தி அவனை ஒரு தினுசாகப் பார்த்தாள். முடியாது என்று சொல்லவில்லை.

கப்பல் வாசலில் சீருடைப் பையன் ஒவ்வொருவர் கையிலும் கிருமிநாசினி பீய்ச்சிக்கொண்டிருந்தான். "போத் ஹேண்ட்ஸ், மேடம்."

வலது புறங்கையில் 134 கொஞ்சமும் அழியாமல் இருந்தது. நாகமணி அந்தக் கையைத் தோளில் தூங்கும் பிள்ளையின் முதுகுக்கும் சட்டைக்கும் இடையே நுழைத்துக்கொண்டு, இடது உள்ளங்கையை மட்டும் நீட்டினாள்.