மாடம்மாளின் சக்களத்தி

பழவங்காடியில் சாம்பசிவனின் துணிக்கடைக்கு விலைச்சீட்டைப் படிக்கும் புது ஸ்கேனர்கள் வந்து இறங்கிய அன்று மத்தியானம், சரக்கிருப்பு எடுக்கும் கோமதிநாயகத்தின் வலது உள்ளங்கையில் பழைய ஸ்கேனர் ஒட்டிக்கொண்டது. பசை இல்லை, ஆணி இல்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கையை விரித்தார், அது விழவில்லை. அன்றைக்கு வெயில் சுமாராக இருந்தது, தக்காளி கிலோ நாற்பதுக்குப் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்ததில், எலும்பு எங்கே முடிகிறது, பிளாஸ்டிக் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. வலி இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும் என்று டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

காரணம் கடையில் எல்லோருக்கும் தெரியும். பழைய சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது. கம்ப்யூட்டர் ஒரு சேலையின் பெயரைச் சொல்வதற்குள் அந்தச் சேலை விற்றுப்போய்க்கொண்டிருந்தது. அதனால் ஸ்நேகா என்கிற பெண் புது சாஃப்ட்வேரோடும் நீல நிறத்தில் சிட்டுப்போல இருந்த ஸ்கேனர்களோடும் வந்தாள். அவள் அவற்றை மேஜைமேல் பரப்பி, பழையதை இனி குப்பைக்குப் போடலாம் என்று மலையாளத்தில் சொன்னபோது, அது கோமதிநாயகத்தின் கையில்தான் இருந்தது. தன் கண்முன்னே இளையவளைக் கூட்டிவந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதன்பிறகு பழையது பக்கத்தில் வந்தாலே புது ஸ்கேனர்கள் தலை துவட்டுகிற துவர்த்தைப் பட்டுவேட்டி என்று கணக்குச் சொல்லின. மேனேஜர் ஸ்ரீநிவாஸ் யோசித்துப் பார்த்து, புதியவற்றை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டுக் கோமதிநாயகத்தைக் கீழ்த்தளத்தில் நிறுத்தினார்.

ஸ்கேனரின் பொறாமை இப்படி ஒரு வழிக்கு வந்தது. மாடம்மாளின் பொறாமைக்கு வழி இல்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளாக அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாயங்காலமானால் வேட்டி முனையால் அந்த ஸ்கேனரின் கண்ணாடியைத் துடைக்கிற மனுஷன், அவள் புது மூக்குத்தி போட்டு வருஷக்கணக்காகியும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதற்கு பேட்டரி இறங்கினால் அவர் முகம் வாடும். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் குடி என்பார். இத்தனை நாளும் அது கடையோடு நின்றது, இப்போது மணக்காட்டில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சார்ஜ் போடும் சுவிட்சு அவள் படுக்கும் பக்கம் இருந்ததால் வயர் அவள் கழுத்துக்கு மேலே போயிற்று. அவர் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார், குழம்பா ரசமா என்றுகூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுச் சற்குணம், உன் சக்களத்தி சாப்பிட்டாளா என்று தினமும் வாசலில் நின்று விசாரித்தாள். மாடம்மாள் சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தின்மேல் கோபத்தைக் காட்டினாள்.

தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தாள், மிளகாய் சுற்றிப் போட்டாள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு போய்த் தேங்காயாக உடைத்துத் தள்ளினாள். பிள்ளையார் தேங்காயை வாங்கிக்கொண்டார், ஸ்கேனரை வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருநாள் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவரிடமே கேட்டாள்.

“ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. அது விட மாட்டேங்குதா, நீங்க விட மாட்டேங்கியளா?”

கோமதிநாயகம் வயருக்காக ஸ்கேனர் இருந்த கையை நீட்டினார். அவள் வயரை மறுபடி சொருகிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான்தான் என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நவராத்திரி வந்தது. அஷ்டமி சாயங்காலம் தொழில் சாமான்களைப் பூஜைக்கு வைத்தால், விஜயதசமி காலையில் எடுக்கிறவரை யாரும் தொடக்கூடாது என்பது இங்கே வழக்கம். வைக்க வேண்டிய சாமான்களின் பட்டியலை ஸ்ரீநிவாஸ் பழைய சாஃப்ட்வேரிலிருந்தே அச்செடுத்துவிட்டார். ஸ்நேகா அதை இன்னும் அழித்திருக்கவில்லை. கத்தரிக்கோலுக்கும் முழக்கோலுக்கும் மேலே, முதல் வரியில் பழைய ஸ்கேனர் இருந்தது. நீல ஸ்கேனர்களின் பெயரே இல்லை. தவறு என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் சரஸ்வதிக்கு என்று எழுதின பிறகு அடிக்க யாருக்கும் தைரியம் இல்லை. “லிஸ்டில உண்டல்லே, அப்போ வைக்கணும்” என்றார் சாம்பசிவன்.

ஸ்கேனரை வைத்தால் கையையும் வைக்க வேண்டும், கையை வைத்தால் ஆளையும் வைக்க வேண்டும். கோமதிநாயகம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பலகைமேல் கையை நீட்டி உட்கார்ந்துவிட்டார். அந்தச் சன்னிதியில் இடது கையால் சாப்பிடுவதாவது என்று பூஜை செய்ய வந்த வாத்தியார் முகத்தைச் சுளித்தார். அதனால் மாடம்மாள் தூக்குச்சட்டியோடு வந்து ஊட்டினாள். ஊட்டுகிறவள் முகத்தைப் பார்க்காமல் வாயைத் திறக்க முடியாது. இதெப்ப போட்ட மூக்குத்தி என்று அஷ்டமியன்று கேட்டார். நவமியன்று எலுமிச்சம் சாதத்தை வாயில் வைத்துக்கொண்டே சற்குணத்தைப் பற்றி அவள் சொன்னதற்குப் புரைக்கேறச் சிரித்தார். பூஜையில் இருப்பதைத் தொடக்கூடாது என்பதால் ஸ்கேனருக்குச் சார்ஜ் போடவில்லை. அதன் சிவப்பு விளக்கு நவமி மத்தியானம்வரை மாடம்மாளையே முறைத்துக்கொண்டிருந்தது, பிறகு மங்கி அணைந்துபோயிற்று. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

விஜயதசமி காலையில் வாத்தியார் மணியடித்து, எடுக்கலாம் என்றதும் கோமதிநாயகம் கையைத் தூக்கினார். கை வந்தது, ஸ்கேனர் பலகையிலேயே கிடந்தது. உள்ளங்கை குழந்தைக் கைபோல வெளுத்திருந்தது. அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு அவர் கண் பழக்கதோஷத்தில் ஸ்கேனர் பக்கம் போயிற்று. அந்த ஒரு பார்வை மாடம்மாளுக்குப் போதுமானதாக இருந்தது. அவர் குனிவதற்குள் பாய்ந்து அதை எடுத்து, ஜன்னல் வழியாக ரோட்டில் எறிவதற்குக் கையை வீசினாள். கைதான் போய்வந்தது, ஸ்கேனர் அவள் உள்ளங்கையிலேயே இருந்தது. சார்ஜே இல்லாமல் சிவப்பு விளக்கு எரிந்தது.

பூஜையிலிருந்து எடுத்ததை உடனே வேலையில் வைக்க வேண்டும் என்பதால் சாம்பசிவன் ஒரு துவர்த்துக் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். மாடம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்கேனரை அதன்மேல் காட்டினாள். அது கூவிச் சொன்ன கணக்கு சரியாக இருந்தது. ஸ்நேகா பழைய சாஃப்ட்வேரை அவளுக்காக ஒரு மூலையில் விட்டுவைத்தாள். அவளுக்குக் கீழ்த்தளத்தில் வேலை போட்டுச் சம்பளமும் கொடுக்கிறார்கள். கோமதிநாயகம் மேல்மாடியில் நீல ஸ்கேனரோடு நிற்கிறார், நிற்கிற நேரத்தைவிடப் படியிறங்கி வந்து எட்டிப் பார்க்கிற நேரம் அதிகம். அவருடைய பொறாமை அவள்மேலா ஸ்கேனர்மேலா என்று கடையில் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். முதலில் ஸ்கேனரைத்தான் பார்த்தார் என்கிறார் ஸ்ரீநிவாஸ். இப்போதெல்லாம் அவளிடம் பில் கேட்டு நிற்கிற ஆண்பிள்ளைகளையும் பார்க்கிறார்.

அவளுக்கு வலது கை ஒழியாததால் மத்தியானம் அவர்தான் பிசைந்து ஊட்டுகிறார். உப்பு போதுமா, காரம் கூடிற்றா என்று கேட்கிறார். அவள் யோசித்துத்தான் பதில் சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் காட்டலாமே என்று அவர் சொல்லும்போதெல்லாம், “ஓணம் கழியட்டும், பாக்கலாம்” என்கிறாள். அதற்குப் பிறகு இரண்டு ஓணம் வந்து போய்விட்டது.