பீப் சத்தம் வராத மதியம்

பாகலூர் ரோட்டில் ரோஜாப்பூ ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து காலை எட்டரைக்கே அழைப்பு வந்துவிட்டது. கணினி சர்வீஸ் கடை நடத்தும் முத்துக்குமார் அந்த வேலைக்கு லாவண்யாவை அனுப்பினார். சாத்தூர்க்காரி. ஓசூருக்கு வந்து ஒன்றரை வருஷம். கடையில் இருந்த மூன்று பேரில் கறுப்புத் திரையில் கட்டளை தட்டப் பயப்படாதவள் அவள் ஒருத்திதான்.

பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை. பெங்களூர் தலைமை அலுவலகம் எல்லாக் கணினிகளின் விவரப் பட்டியலைக் கேட்டிருந்தது. குளிரறையை ஒட்டிய அறையில் இருந்த கணினி மட்டும் பட்டியல் தராமல், 'அப்படி ஒரு வகையே இல்லை' என்று பிழை காட்டியது.

ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு பதிவேடு இருக்கிறது. தன்னிடம் என்னென்ன பாகம் உண்டு, எந்தக் கருவி என்ன அளவு காட்டுகிறது என்பதையெல்லாம் கணினி அதைப் பார்த்துத்தான் சொல்லும். அதில் எதை எப்படி எழுதவேண்டும் என்ற விவரம் 'மாஃப்' என்று முடியும் சின்னச் சின்னக் கோப்புகளில் கிடக்கும். 'மாஃப்காம்ப்' என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அது கோப்பைப் படித்துப் பதிவேட்டில் ஏற்றிவிடும்.

எந்தக் கோப்பு கெட்டது என்று லாவண்யா தேடிப் பார்க்கவில்லை. நெட்டில் யாரோ போட்டிருந்த ஒற்றை வரியை எடுத்துத் தட்டினாள். அந்தக் கோப்புறையில் உள்ள அத்தனை மாஃப் கோப்புகளையும் வரிசையாக ஓட்டும் வரி அது. திரை கடகடவென்று ஓடியது. கோப்புக்குக் கோப்பு 'முடிந்தது', 'முடிந்தது' என்று வந்தது. பட்டியலும் வந்தது. முத்துக்குமாருக்குக் காட்டத் திரையைப் போனில் படமெடுத்துக்கொண்டாள்.

"ஆச்சா பாப்பா?" என்று கேட்டாள் நாராயணம்மா. குளிரறைக்கும் பூ கட்டும் பெண்களுக்கும் அவள்தான் பொறுப்பு. வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், லாரிக்காரர்களோடு கன்னடம்.

"ஆச்சுக்கா."

"இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய மட்டும் கெடுத்துடாத. ஆறு டிகிரி தாண்டுனா இதுதான் பீப் பீப்னு கத்தும். கத்துனாத்தான் நாங்க கதவச் சாத்துவோம். லோடு ஏத்துற மும்முரத்துல யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

லாவண்யா சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அடுத்த வேலை குந்தாரப்பள்ளிப் பக்கம் ஒரு கிரானைட் கம்பெனியில்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல் போனில் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மூன்றாவது படத்தில் விரல் நின்றது. குளிரறை வெப்பமானியைச் செய்த கம்பெனியின் கோப்பு ஒன்று. அதற்கு அடுத்த வரியில் அதே பெயர், பின்னால் 'அன்இன்ஸ்டால்' என்று ஒட்டு.

படத்தைப் பெரிதாக்கி இரண்டு வரியையும் மறுபடி படித்தாள்.

முதல் கோப்பு வெப்பமானியைப் பதிவேட்டில் சேர்ப்பது. இரண்டாவது, மென்பொருளை நீக்கும்போது மட்டும் ஓட்டவேண்டியது. வெப்பமானியைப் பதிவேட்டிலிருந்தே அழித்துவிடும். அகரவரிசையில் சேர்ப்பது முன்னால் ஓடியிருக்கிறது, அழிப்பது பின்னால். இரண்டுக்கும் எதிரில் அதே 'முடிந்தது'.

அப்படியானால் அந்தப் பெட்டி இனிக் கத்தாது. பிழையும் காட்டாது. கடைசியாகக் கிடைத்த அளவைப் பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டு நிற்கும்.

முத்துக்குமாரை அழைத்தாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏசி ஓடுதுல்ல? அலாரம் மட்டுந்தான இல்ல? நாமளா போய் ஏன் சொல்லிக்கணும்? நாளைக்குப் போயி சத்தமில்லாமப் போட்டுட்டு வந்துரு. இப்ப கிரானைட்காரன் காத்துக்கிட்டிருக்கான்."

"சரிங்க சார்" என்று சொல்லி வைத்தாள். மணி பன்னிரண்டேகால். விமானத்துக்குப் போகும் பூவை ஏற்றப் பன்னிரண்டு மணிக்கு லாரி வரும் என்று காலையில் யாரோ பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. நாளைக்கு என்பது சரிப்படாது.

பூக் கம்பெனி மேனேஜர் சென்னகிருஷ்ணனின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. காலையில் வழி கேட்க அழைத்திருந்த நாராயணம்மாவின் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி. மறுபடி. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நாலாவது தடவை நாராயணம்மா எடுத்தாள்.

"அக்கா, கோல்டு ரூம் கதவு திறந்திருக்கா?"

"லோடு ஏறுதுல்ல, திறக்காம? இன்னிக்கி நல்ல கூலிங்கு பாப்பா. ஒரு தடவகூடக் கத்தல."

"ஸ்கிரீன்ல எவ்வளவுக்கா காட்டுது?"

"மூணு புள்ளி ரெண்டு."

"நான் கிளம்பும்போதும் அதேதான்க்கா. அது பொய். நான்தான் கெடுத்துட்டேன். உள்ள வேற மீட்டர் எதும் இருக்கா? முள்ளு வெச்சது?"

போனில் செருப்புச் சத்தம், பெட்டி இழுபடும் சத்தம். பிறகு நாராயணம்மாவின் குரல், போனைவிட்டுத் தள்ளி: "பதினொண்ணு!" உடனே அவள் கதவைச் சாத்தச் சொல்லித் தெலுங்கில் கத்தியது பஸ் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. "ஒரேய், தலுப்பு வேயண்டிரா! தலுப்பு!" கனத்த கதவு மோதி மூடும் ஓசையும் கேட்டது.

சூளகிரியில் இறங்கி ரோட்டைக் கடந்தாள். ஓசூர் பஸ் ஒன்றும் நிற்கவில்லை. தக்காளி ஏற்றிய டெம்போக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். வழி நெடுக அவர் ஏதோ விலை நிலவரம் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் உம் கொட்டினாளே தவிர ஒரு வார்த்தையும் ஏறவில்லை. ஓசூரில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரை.

சென்னகிருஷ்ணன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னம்மா பண்ணி வெச்ச?"

"படிச்சுப் பாக்காம எல்லாக் கோப்பையும் ஓட்டிட்டேன் சார். அதுல ஒண்ணு உங்க வெப்பமானிய அழிச்சிருச்சு."

"யார் அப்படிப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நானாத்தான்."

அவர் ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தார். "மொதல்ல சரி பண்ணு" என்று மட்டும் சொல்லி வழிவிட்டார்.

இந்தத் தடவை அவள் வெப்பமானிக் கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். அழிக்கச் சொல்லும் வரி எதுவுமில்லை. பதிவேட்டில் எதையும் தொடாமல் எழுத்துப் பிழை மட்டும் பார்க்கச் சொல்லி ஒருமுறை ஓட்டினாள். சரி என்றது. பிறகு நிஜமாக ஓட்டினாள். காலையில் பார்த்த அதே 'முடிந்தது'. அந்தச் சொல்லைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. கண்காணிப்பு மென்பொருளை நிறுத்தி மறுபடி தொடங்கினாள். மூன்று புள்ளி இரண்டு மறைந்தது. ஒன்றுமில்லாத கட்டம். பத்து விநாடி. பிறகு நான்கு புள்ளி ஆறு என்று வந்தது.

"சரியாச்சா?" என்றார் சென்னகிருஷ்ணன்.

"எண் வருது சார். கத்துதான்னு பாக்கணும்."

"கதவ மறுபடி திறக்க விடமாட்டேன்" என்றாள் நாராயணம்மா.

லாவண்யா குளிரறைக்குள் போனாள். சுவரோரம் தொங்கிய, வெப்பமானியின் பென்சில் கனமுள்ள உணர்கம்பியைக் கழற்றி, கைச்சூட்டில் ஆறு டிகிரி தாண்டட்டும் என்று உள்ளங்கையில் வைத்து மூடினாள். வெளியே கதவு சாத்தப்பட்டது. கம்பி ஐஸ் மாதிரி இருந்தது. வாயருகே கொண்டுபோய் ஊதினாள். ஒரு நிமிஷம் போயிற்று. சத்தமில்லை. இன்னும் அரை நிமிஷம். கத்தாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று அவளிடம் யோசனை எதுவும் இல்லை.

கதவுக்கு அப்பால், மெல்லியதாக, பீப். பீப். பீப்.

அவள் அங்கேயே ஒரு பெட்டிமேல் கைவைத்து நின்றுவிட்டாள்.

கதவோரம் இருந்து லாரியில் ஏற்றிய பதினாலு பெட்டிகளில் மொட்டு தளர்ந்துபோயிருந்தது. அவற்றை லாரியிலிருந்து இறக்கி உள்ளூர் மார்க்கெட்டுக்கு ஒதுக்கினார்கள். மற்றவை ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பின.

சென்னகிருஷ்ணன் சர்வீஸ் தாளை நீட்டினார். "நடந்தத அப்படியே எழுது." எழுதினாள். ஓட்டிய வரி, அழிந்தது எது, எப்போது தெரிந்தது, எத்தனை பெட்டி, எல்லாம். அவர் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். திட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

முத்துக்குமார் போனில் வந்தார். "எழுதியா குடுத்த?"

"ஆமா சார்."

"எழுத்துலயா?" என்று திரும்பக் கேட்டார். "இனிமே அந்தக் கம்பெனிக்கு நம்ம கடைப் பையன் மணி போகட்டும். நீ திங்கக்கெழம கடைக்கு வா, பேசுவோம்."

திங்கட்கிழமை என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குளிரறைப் பக்கம் போனாள். நாராயணம்மா பூ கட்டும் பெண்களில் ஒருத்தியான கவிப்ரியாவைக் கதவருகே நிறுத்தி, முள் மீட்டரைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் லோடு இருக்கு பாப்பா. கத்துமா?"

"கத்தும்க்கா."

"கத்துனாலும் சரி, கத்தாட்டியும் சரி. கால் மணிக்கு ஒருக்கா இவ முள்ளப் பாத்துச் சொல்லணும்னு வெச்சிட்டேன்" என்றாள் நாராயணம்மா. பிறகு லாவண்யாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்டியா?" என்று கேட்டாள்.

லாவண்யா இல்லையென்று தலையசைத்தாள்.