பேசாமல் இருந்த பதினெட்டு நாள்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், தையல் கம்பெனியில் தைத்த துணியின் நூல் பிசிறு வெட்டுகிறேன். பக்கத்து மெஷினில் வேறு நாட்டிலிருந்து வந்த அக்கா. நம் பேச்சு அவளுக்கு அரைகுறை. வாய் திறக்கக் கூசும் எனக்கு அதுவே வசதி. மதியம் டப்பாவைத் திறந்ததும், "சின்னவளே, புக்கு என்ன சொல்லுது?" என்பாள். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய கதைகளை அவளுக்கு மட்டும் சொல்வேன்.

அவள் நாட்டுக் கதையும் ஒன்று கிடைத்தது. அதில் ஒரு கிழவர் இறந்ததும், அவர் மகளோடு நாற்பது நாள் யாரும் பேசுவதில்லை. துக்கத்தைக் கலைக்கக் கூடாதாம். யாருக்கும் காட்டாத என் நோட்டில் அதை எழுதிவைத்தேன்.

அடுத்த மாதம் அக்காவின் அம்மா இறந்துபோன சேதி வந்தது. ஊருக்குப் போக லீவு தரவில்லை. மறுநாள் அவள் வருவதற்குள் எல்லோரிடமும் சொன்னேன்: "யாரும் அக்காகிட்ட பேசாதீங்க. அவங்க ஊர்ல அதுதான் மரியாதை."

"ஊமைக்கோட்டான் வாயத் தொறந்துட்டா, இன்னிக்கு மழைதான்," என்றாள் அங்கே பட்டன் தைக்கும் என் சித்தி. ஆனாலும் கேட்டுக்கொண்டார்கள். சூப்பர்வைசர்கூடச் சைகையிலேயே துணியைத் தந்தார்.

மதியம் அக்கா என் பக்கம் திரும்புவாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். நாலாம் நாளிலிருந்து டப்பாவைப் படிக்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். துக்கம் காக்கிறாள் என்று நோட்டில் எழுதினேன்.

பதினெட்டாம் நாள் வேலையை விட்டு நின்றாள். பையோடு என்னிடம் வந்தாள்.

"சின்னவளே, நான் என்ன தப்பு பண்ணேன்?"

புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்துச் சொன்னேன். அட்டைப் படத்திலிருந்த மலையை விரலால் தொட்டாள்.

"இது மலைக்காரங்க. நான் கடல் பக்கம். எங்க ஊர்ல செத்தா வீடு நிறைய ஆள் வரும். பேசும், பேசும், தூங்குற வரைக்கும் பேசும். தனியா விடாது."

நான் புத்தகத்தை மூடினேன்.

"என்னைக் கேட்டிருக்கலாமே," என்றாள். கோபம்கூட இல்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

புத்தகத்தின் மேல் தப்பில்லை. மலைக்காரர்களைப் பற்றி அது சரியாகத்தான் சொல்லியிருக்கும். பக்கத்து மெஷினில் இருந்தவளைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

நோட்டில் அந்த நாற்பது நாள் வரிக்குக் கீழே இன்று எழுதினேன்: "உங்க அம்மா எப்படி இருப்பாங்கக்கா?"