நரிக்குக் கிடைத்த ஆறு அசைவு

கார்ட்டூன் நரி எத்தனை முறை வாயைத் திறக்கிறதோ, அத்தனைக்குள் தமிழ் வசனத்தை அடைப்பதுதான் என் பிழைப்பு. குரலும் நானே கொடுப்பேன். ஒரு சொல் மிஞ்சினாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் உதட்டைப் பிதுக்குவார்.

ஒரு நாவலிலிருந்து எடுத்த படம் அது. நரி ஒரு சிறுமியை நீலப் பெட்டிக்குள் இறங்கச் சொல்லும். அடியில் வேறு உலகம் இருக்கும். "மூடியை முழுக்க மூடாதே, ஒரு விரல் இடம் விடு" என்று எச்சரிக்கவும் செய்யும். மூல மொழியில் அது குட்டிச் சொற்களில் அடங்கிவிட்டது. எனக்குக் கிடைத்தது ஆறே வாயசைவு. "உள்ளே போய் மூடிக்கோ" என்று எழுதினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. கைதட்டினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையில் ஒரு பிரதியை வீட்டுக்கும் கொண்டுபோனேன். ஆறு வயது மகளுக்கு அதன்பின் சோறும் தண்ணீரும் அந்தப் படம்தான். இருபது தடவையாவது பார்த்திருப்பாள்.

இன்று மதியம் வேறொரு படத்துக்காகக் கரடியாய் உறுமிக்கொண்டிருந்தபோது மனைவியின் போன் வந்தது.

"குட்டி உங்ககூட வந்தாளா?"

"இல்லையே. ஏன்?"

"கால் மணி நேரமா காணோம். வாசக்கதவு திறந்து கிடக்கு. கட்டிலுக்கு அடியில கூடப் பார்த்துட்டேன்."

"கடைசியா என்ன பண்ணிட்டிருந்தா?"

"வேறென்ன, உங்க நரிப் படந்தான்."

நுணல் தன் வாயால் கெடுமாம். நான் கெட்டால் போகட்டும், என் வாயால் அவள் ஏன் கெட வேண்டும்?

"நீலமா ஒரு பெட்டி. மூடி போட்டது. எங்க இருக்குன்னு யோசி."

"என்ன உளர்றீங்க? நம்ம வீட்ல ஏது நீலப்..." நிறுத்தினாள். "மாடிப்படிக்குக் கீழ. மூடிட்டுப் போன கடையோட ஐஸ்கிரீம் பெட்டி."

எனக்கும் தெரியும் அந்தப் பெட்டி. மூடினால் கொக்கி தானாக விழும். உள்ளிருந்து திறக்க முடியாது.

அவள் ஓடினாள். மூன்று மாடி. சத்தம் புகாத அந்த அறையில் அவள் செருப்பொலி மட்டும் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. கொக்கி இழுபட்டது. மூடி பிய்ந்துகொண்டு திறந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த நேரத்தில் எந்தச் சாமியைக் கூப்பிடாமல் விட்டேன் என்று நினைவில்லை.

ஒரு இருமல். இன்னொரு இருமல். மனைவி வாய்விட்டு அழுதாள்.

"அப்பா," என்றாள் குட்டி. குரல் கட்டியிருந்தது. "நீங்க சொன்ன மாதிரியே நல்லா மூடிக்கிட்டேன். நரி வரவே இல்ல."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நானும் அழுதேன். இந்தப் பேச்செதுவும் கேட்காத இன்ஜினியர், கதவைத் திறந்து தன் போனை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, நரிப் படம் காலையில ரிலீஸ் ஆயிடுச்சு. அதுக்குள்ள லட்சம் வீட்ல ஓடுது. பசங்க வாயில எல்லாம் உங்க வசனந்தானாம்."