சந்தனம் அப்பிய பொத்தான்

1

ஒளிப்பானேன்? இந்தக் கதை மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடை வரிசையில் நின்றபோது கிடைத்தது. அன்றிலிருந்து எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் வரி: 'கம்ப்யூட்டர் உறைந்தபோது மாலை வெயில் தெப்பக்குளத்தில்...' சே, வெயிலாம் குளமாம். அடித்துவிட்டேன்.

2

தேவானை அந்தக் கடையில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். எதிரே நிற்கும் அன்புக்கரசிக்குக் கோட்டூர்புரம் பக்கம் ஆற்றோரத்தில் வீடு. இடிக்கப்போகும் வீடுகளின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஆட்சேப மனு இன்று ஐந்து மணிக்குள் இணையத்தில் போய்ச் சேர வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் அனுப்பலாம்.

'அனுப்பு' என்பதை அமுக்கியதும் திரை அப்படியே நின்றுவிட்டது. மணி நாலு ஐம்பது. மவுஸ் நகரவில்லை. தேவானை அதைத் தட்டிப் பார்த்தாள். அவள் மனதில் ஓடியது (இது என் ஊகம்): மனு போய்க்கொண்டிருக்கிறதா, செத்துவிட்டதா? அணைத்து, பாதியில் அறுந்துபோனால்? அணைக்காமலே ஐந்தாகிவிட்டால்?

(செல்போனில் அனுப்பக்கூடாதா என்கிறீர்கள். ஸ்கேன் செய்த காகிதமெல்லாம் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது ஐயா.)

"இன்னாக்கா, அப்டியே நின்னுக்கினு கீது?" என்றாள் அன்புக்கரசி.

3

வரிசையில் நின்ற யாரோ ஒருவர், "அணைச்சிட்டுப் போடுங்கம்மா" என்றார்.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், கம்ப்யூட்டரை அணைக்கும் பொத்தானைச் சுற்றிக் காய்ந்து இறுகியிருந்தது. தேவானை நகத்தால் சுரண்டினாள். இப்படி உறைந்துபோன பெட்டி, பத்து எண்ணும்வரை அமுக்கிப் பிடித்தால்தான் அணையும். அமுக்கினாள். வாய்விட்டு எண்ணவும் ஆரம்பித்தாள்.

"அக்கா, எங்க வூடு பூடாதுல்ல?"

தேவானை விரலை எடுக்கவில்லை. எண்ணுவதையும் நிறுத்தவில்லை.

4

முடிவு ஒன்று: மனு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. (நம்பமாட்டீர்கள். எழுதின எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: புல்டோசர் வந்து அன்புக்கரசியின்... வேண்டாம். கை வரவில்லை.

மேலே 'யாரோ ஒருவர்' என்று எழுதினேனே, அது பொய். நான்தான் சொன்னேன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. என் ஜெராக்ஸ் தாமதமாகிறதே என்ற எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். தேவானை 'ஆறு' என்றபோது பயம் பிடித்துக்கொண்டது. காகிதத்தைக்கூட வாங்காமல் இறங்கி நடந்துவிட்டேன். பதினோரு நாளாக அந்தத் தெருப் பக்கம் போகவில்லை.

நீங்கள் போனால் தேவானையைக் கேளுங்கள். என்ன ஆனது என்று எனக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.