இன்வர்ட் என்றால் உள்ளே

...தாழ் போட்டிருந்தது என்று அவள் சொல்லவேயில்லையே, கதவை உள்ளுக்குத் தள்ளுனேன், தெறந்துட்டு, எம் மவ உத்தரத்துல தொங்குதா, அவ்வளவுதானே குருவம்மாள் சொன்னது, அதைத் துரைக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல வேண்டியவன் அவன், ஆதித்தன், சப் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா, பன்னிரண்டு வருஷமாக, உள்ளே வரும் தபாலுக்கெல்லாம் பதிவேட்டில் இன்வர்ட், இன்வர்ட் என்று எழுதிய கை... குற்றாலத்துப் பங்களாவில் முகாம், சாரல் பிடித்துவிட்டது, துரைக்கு அருவிக்குப் போகிற அவசரம், இவன் 'இன்வர்ட்' என்று தொடங்கியதுமே துரை நிமிர்ந்து, உள்ளே தாழிட்டிருந்ததா என்று கேட்டுவிட்டார், பேனா காகிதத்தின் மேல் காத்து நின்றது, இல்லை என்று சொல்ல வேண்டும், துரையைத் திருத்த ஒரு வாக்கியம் வேண்டும்... யெஸ் சார் என்றான். உள்ளே தாழ் போட்ட அறையில் ஒருத்தி தொங்கினால் அது தற்கொலை, அப்புறம் புருஷன் தங்கசாமி மேல் என்ன கேஸ், முந்தின நாள் அவன் குருவம்மாள் மகள் முப்பிடாதியை மயிரைப் பிடித்து இழுத்து அடித்ததற்கு இலஞ்சி ஊரே சாட்சி என்றாலும்தான் என்ன, தங்கசாமி அரை மணியில் வெளியே வந்து வேட்டியை உதறி மடித்துக் கட்டிக்கொண்டு போனான்.

சரி, வாய் தவறியது, எவனுக்கும் தவறும், அகராதியிலேயே அந்தச் சொல்லுக்கு உள்நோக்கி என்றும் இருக்கிறது, உள்ளே இருப்பது என்றும் இருக்கிறது, மனசுக்குள் என்றுகூட இருக்கிறது... ஆனால் வாக்குமூலத்தை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னபோது? காகிதத்தில் உள்தாழ் உடையத் தள்ளினேன் என்று இருந்தது, இவன் உள்ளுக்குத் தள்ளினேன் என்று படித்தான், அவள் சொன்னதை அவளுக்கே படித்துவிட்டு, சொல்லாததற்குக் கீழே ரேகை வாங்கினான். அதற்கு அகராதியில் என்ன பார்ப்பது? தென்காசி ரஸ்தாவில் தூறலுக்குக் குடை விரித்து வேகமாக நடந்தான், பின்னால் காலடி, அவள்தான், தலை நனைய ஓடி வந்து முன்னால் நின்று கும்பிட்டாள். எனக்காவ இங்கிலீசுல அம்புட்டு எடுத்துச் சொன்னீயளே அய்யா, பொறவு எதுக்கு அவன விட்டுட்டாவ, தொர என்ன சொன்னாவ? இப்போது சொல்லலாம், பங்களா கூப்பிடு தூரம்தான், திரும்பி நடந்தால் துரை இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்... அவள் இவன் வாயையே பார்த்தாள், "நான் சரியாச் சொல்லலயா அய்யா?"

"ஆமா. நீ தெளிவாச் சொல்லல. கதவு விசயத்துல ஒளறிட்ட, அதான் விட்டுட்டாவ."

அவள் ரஸ்தாவிலேயே உட்கார்ந்து தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள், "பாழாப்போன வாயி, எம் மவளுக்கு ஒரு வார்த்த சொல்லத் துப்பில்லாத வாயி", அடி ஒவ்வொன்றும் ஈரமாகக் கேட்டது, உதடு கிழிந்தது, குனிந்து கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும் என்று தெரிந்தது, குடை பிடித்த கை அசையவில்லை... அவள் அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள, காலையிலிருந்து நெஞ்சில் அடைத்திருந்த மூச்சு சீராக இறங்குவதைக் கவனித்தான், இதமாக இருந்தது, இது எப்படி இதமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் என்று நினைப்பது யார்...