வேலியோரத் தடம்

பசு கிளாரா காலையிலிருந்தே படுப்பதும் எழுவதுமாக இருந்தது. பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் இரண்டு குளம்புகளுக்கு மேல் எதுவும் வெளியே வரவில்லை. நடீன் குனிந்து பார்த்தாள். குளம்புகளின் அடிப்பக்கம் கூரையைப் பார்த்திருந்தது. தலை முன்னால் வருகிற கன்றுக்கு அது தரையைப் பார்த்திருக்க வேண்டும் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாது.

"பின்னங்காலாம்மா?" மகள் ஹேஸல் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்படித்தான் தெரியுது. நீ கிளாராகிட்ட பேசிட்டே இரு. நான் போய் அப்பாவக் கூட்டிட்டு வரேன்."

"அப்பாவுக்கு மட்டும் என்ன தெரியுமாம்?"

நடீன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். கணவன் டுவேன் வழக்கம்போல் கோடரியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு அப்பால் பைன் சரிவுக்கு விறகு வெட்டப் போயிருந்தான்.

மொன்டானாவுக்கு வந்தது அவனுடைய ஆசை. மினியாபோலிஸில் காப்பீட்டு அலுவலகத்தின் கார் நிறுத்தத்தில் ஒருநாள் அவன் காரைவிட்டு இறங்க முடியாமல் மதியம்வரை உட்கார்ந்திருந்தான். காவலாளி நடீனுக்குப் போன் செய்தார். அதன்பிறகுதான் இந்தப் பேச்சு தொடங்கியது. பாட்டனுக்குப் பாட்டன் குதிரை வண்டியில் வந்து நிலம் பிடித்த ஊர், அவர்களைப்போல ஒரு வருஷம் வாழ்ந்து பார்ப்போம், கரண்ட் வேண்டாம், போன் வேண்டாம், கார் வேண்டாம், அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் வேண்டாம். நடீன் முடியாது என்று பலமுறை சொன்னாள். கடைசியில், அவன் மறுபடி அந்தக் காருக்குள் போய் உட்கார்ந்துவிடுவானோ என்ற பயத்தில் சரி என்றாள். வந்த பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பன்றிக் கொழுப்பில் சோப்பு காய்ச்சினாள். விறகடுப்பின் கதவில் கையை வைத்தே ரொட்டிக்குச் சூடு போதுமா என்று சொன்னாள். கைகள் வெடித்து ரத்தம் கசிந்தது. இதெல்லாம் தனக்குப் பிடித்திருக்கிறதா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்க நேரமும் இருந்ததில்லை.

பனியில் டுவேனின் கால்தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். தடம் ஓடைக்கு இறங்கவில்லை. வேலியோரமாகத் திரும்பி, வெட்டவெளியைக் கடந்து நேரே பக்கத்துப் பண்ணைக்காரன் எமெட்டின் வீட்டுக்குப் போனது. ஒருநாள் நடந்த தடமில்லை அது. மாடுகள் போய்ப்போய் உண்டாகும் பாதைபோல மிதிபட்டு இறுகிக் கிடந்தது. நடீன் கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பசுவின் நினைவு வந்து ஓடினாள்.

எமெட் வீட்டுப் பின்பக்கம் விறகு பிளக்கும் இயந்திரம் நின்றது. அதனருகே பிளந்து அடுக்கிய கட்டைகள். எல்லாம் ஒரே அளவு. "எவ்வளவு அழகா வெட்டியிருக்க" என்று அவள் டுவேனைப் பாராட்டிய அதே அளவு.

கதவைத் திறந்த எமெட் அவளைப் பார்த்துச் சிரித்தான். மனைவி போனபிறகு இரண்டு நாய்களோடு தனியாக இருப்பவன். "வாம்மா, பழைய காலத்துலேர்ந்து இன்னொரு விருந்தாளியா? உன் முகத்தப் பாத்தா டுவேன் சொல்லல போலருக்கு. ரகசியம்னு எனக்குத் தெரியாது. நீதான் அனுப்பறன்னு நெனச்சேன்."

டுவேன் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அவன் காலுறைகள் ஹீட்டர்மேல் காய்ந்தன. டிவியில் யாரோ கேக்கின்மேல் சர்க்கரைப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எமெட், பசுவுக்குக் கன்னு திரும்பியிருக்கு. பின்னங்கால் வந்திருக்கு."

எமெட்டின் சிரிப்பு நின்றது. "ஐயய்யோ. எனக்கும் அதுல பாதிதான் தெரியும். இரு, கன்ன இழுக்கற சங்கிலிய எடுக்கறேன்." அவன் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டபடி கொட்டகைக்கு ஓடினான்.

அவள் டுவேனை எழுப்பியிருக்க வேண்டும். ஆனால் கால்கள் சமையலறைக்குப் போயின. குழாயைத் திறந்து கைகளை நீட்டினாள். வெந்நீர். வெடிப்புகளில் முதலில் எரிந்தது, பிறகு எரியவில்லை. அங்கே பசு முக்கிக்கொண்டிருக்கிறது, மகள் தனியாக இருக்கிறாள், இது எல்லாம் தெரிந்தும் கையை எடுக்க முடியவில்லை. வெளியே எமெட் ஹாரன் அடித்தபோதுதான் எடுத்தாள். திரும்பினால் டுவேன் வெறுங்காலோடு சமையலறை வாசலில் நின்று அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நடீன், நான் வந்து..."

"அப்புறம். பூட்ஸப் போடு."

டாக்டர் வர மதியமாகும் என்று சொல்லிவிட்டார். எமெட்டின் வண்டியில் தொழுவத்துக்குத் திரும்பினார்கள். போனில் அவர் சொல்லச்சொல்ல எமெட் கன்றின் கால்களில் சங்கிலியைச் சுற்றினான். மூன்றுபேரும் சேர்ந்து, பசு முக்கும்போது மட்டும் இழுத்தார்கள். இடுப்பு வெளியே வந்ததும் டாக்டர், "இனிமே நிறுத்தாதீங்க, மூச்சு முட்டிடும்" என்று கத்தினார். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. அசையவில்லை. டுவேன்தான் அதைத் தூக்கிப் படல்மேல் தலைகீழாகப் போட்டான். மூக்கிலிருந்து கோழை ஒழுகியது. ஹேஸல் வைக்கோலால் மூக்கைக் குத்திக் குத்தி, "தும்மு, கழுதை, தும்மு" என்று அழுதாள். அது தும்மியது.

கிளாரா கன்றை நக்கத் தொடங்கியபின்னும் டுவேன் எழுந்திருக்கவில்லை. உடம்பெல்லாம் ரத்தமும் சளியுமாக உட்கார்ந்திருந்தான்.

"எத்தன நாளா?" என்றாள் நடீன்.

"நவம்பர்லேர்ந்து. தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடியே. என்னால முடியல நடீன். உன்ன இங்க இழுத்துட்டு வந்துட்டு எப்படிச் சொல்றது? நீ வேற எல்லாத்தையும் அவ்வளவு நல்லாச் செய்யற. போயிடலாம். ஊருக்கே போயிடலாம்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இலையுதிர்காலம் முழுக்க அவள் காத்திருந்தாள். இப்போது வந்துவிட்டது. உள்ளே எதுவும் துள்ளவில்லை. கோபம் வந்தது. அவன் பொய் சொன்னதற்கா, இப்போது உண்மை சொன்னதற்கா, போகலாம் என்றதற்கா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சீம்பாலைக் கறக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"நீதானே ஊருக்குப் போகணும்னு அழுத?" என்றான் அவன்.

"ஆமா. அழுதேன்."

"அப்ப சரின்னு சொல்லேன்."

அவள் சீம்பால் கறக்க வாளியை எடுத்துக் கிளாராவின் அருகே வைத்தாள். ஹேஸல்தான் பேசினாள். கன்றைத் துடைப்பதை நிறுத்தாமல், முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"எமெட் வீட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லப்பா?"

டுவேன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

வெளியே எமெட் சங்கிலியை வண்டிக்குப் பின்னால் வீசிவிட்டு ஏறி உட்கார்ந்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிட்டான். "இந்தக் கோலத்துல வீட்டுக்குள்ள போகப் போறீங்களா? என் வீட்டுல குளிக்க வெந்நீர் இருக்கு. வர்றவங்க வாங்க. இல்லன்னா கதவச் சாத்துங்க, சூடு வீணாப் போவுது."

நடீன் போய்க் கதவின் விளிம்பைப் பிடித்தாள். உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று அவள் முகத்தில் அடித்தது. பின்னால் தொழுவத்தில் கன்று முதல்முறையாகக் குரல் கொடுத்தது. பனி மறுபடி விழ ஆரம்பித்திருந்தது. திறந்த கதவுவழியே இருக்கைமேல் விழுந்த துகள்கள் ஒவ்வொன்றாக நீராகி, பழைய தோலுறையில் சின்னச் சின்ன வட்டங்களாகப் பரவின. எமெட் ஸ்டியரிங்மேல் விரலால் தட்டிக்கொண்டு அவளையே பார்த்தான். அவள் கை இன்னும் கதவின்மேல்தான் இருந்தது.